சொந்தப் பெயரைத் துறக்கச் சொன்ன சட்டம்!



சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, நமது கடற்கரை ஊர் ஒன்றில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஒரு சகோதரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வயது அறுபதைத் தொடும். அரிசி மாவு, கேழ்வரகு மாவு பொட்டலம் போட்டு ராமநாதபுரம், பரமக்குடி, ராமேஸ்வரம் கடைகளுக்குப் போடுகிறவர். இருபத்தைந்து ஆண்டுகளாக ஒரே பெயர், ஒரே மார்க்.

“ஹஜ்ரத், எனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கு. என் பேரை நானே போடக் கூடாதாம்!”

“என்ன காக்கா சொல்றீங்க? உங்க பேர்தானே?”

“பேர் என்னுதுதான். பதிவு இன்னொருத்தன் கையில இருக்கு. 2017ல ஜி.எஸ்.டி. வந்தப்ப பேரைப் பதிஞ்சா வரி போடுவான்னு சொன்னாங்க. பயந்து போய் விட்டுட்டேன். வெளியூர்க்காரன் ஒருத்தன் அதே பேரை லேசா மாத்திப் பதிஞ்சுட்டான்.”

அவர் கண் கலங்கியதைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மீது கோபம்? பெயரைத் தட்டிப் பறித்தவன் மீது மட்டுமா? ஒரு வியாபாரியைத் தன் பெயரைப் பதிவு செய்யவே அஞ்ச வைத்த அரசின் மீது. அந்த அச்சம் காலாவதியான பிறகும் வந்து சொல்லித் தராத நம் அனைவர் மீதும்.

சகோதரர்களே! டிரேட்மார்க் என்பது கோடீஸ்வரர்களின் சங்கதி, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். உங்கள் கடைப் பலகையில் எழுதியிருக்கிறதே ஒரு பெயர், அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

அஞ்ச வைத்தது யார்?

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது. அரிசி, பருப்பு, மாவு, தேன் போன்ற அன்றாட உணவுப் பொருட்களுக்கு வரியில்லை என்று பெருமையாக அறிவித்தார்கள். ஆனால் கூடவே ஒரு கொக்கி வைத்தார்கள். அதே பொருளைப் பொட்டலம் கட்டி, அதன் மீது பதிவு பெற்ற பிராண்டு பெயரை அச்சிட்டால் 5 சதவீதம் வரி!

பதிவு என்றால் என்ன பதிவு? 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் கீழ் செய்த பதிவு. அதாவது, ஒரு அரசுத் துறை ‘வா, வந்து உன் பெயரைப் பதிவு செய், பாதுகாப்புத் தருகிறோம்’ என்று அழைக்கிறது. இன்னொரு துறை ‘பதிவு செய்தாயா? எடு 5 சதவீதம்’ என்கிறது. இதைவிடக் கேலிக்கூத்து உண்டா?

வியாபாரிகள் என்ன செய்வார்கள்? கிலோவுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் லாபத்தில் ஓடுகிற தொழில் இது. 5 சதவீதம் என்பது சில சரக்குகளில் அவர்களது மொத்த லாபம். நாட்டின் பல பகுதிகளிலும் பாடுபட்டு வாங்கிய பதிவை ரத்து செய்யச் சொல்லி வியாபாரிகள் விண்ணப்பித்தார்கள். பதியாமல் இருந்தவர்கள், இனிப் பதிவதே இல்லை என்று முடிவு கட்டினார்கள்.

அரசு விட்டதா? 2017 செப்டம்பர் 9 அன்று ஹைதராபாத்தில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், 2017 மே 15 அன்று பதிவில் இருந்த பெயர்கள் பிறகு ரத்தானாலும் பதிவு பெற்றதாகவே கருதி வரி வசூலிக்கப்படும் என்று முடிவு செய்தது. அதோடு நிற்கவில்லை. பதிவே செய்யாவிட்டாலும், அந்தப் பெயருக்காக நீதிமன்றம் போகும் உரிமை உனக்கு இருக்கிறது அல்லவா, அப்படியானால் நீயும் வரி கட்டு என்றது.

வரி வேண்டாம் என்றால்? அந்த மாதம் 22ஆம் தேதி வந்த அறிவிக்கை அதற்கு ஒரு வழி சொன்னது. படித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். இந்தப் பெயரின் மீது எனக்குள்ள உரிமையை நானே மனமுவந்து விட்டுக் கொடுக்கிறேன் என்று வரித்துறை ஆணையரிடம் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். அதுவும் போதாது. ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் அழியாத மையில், ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும், ‘இந்தப் பெயரின் மீதான உரிமையை நான் துறந்து விட்டேன்’ என்று அச்சிட வேண்டும்!

சிந்தியுங்கள்! வாப்பா காலத்துப் பெயர். ஊரே நம்பி வாங்குகிற பெயர். அந்தப் பெயர் எனக்கில்லை என்று அதே பொட்டலத்தின் மீது அவன் கையாலேயே எழுத வைத்த சட்டம் உலகில் வேறு எங்காவது உண்டா? திருடனுக்கு ‘உள்ளே வா’ என்று வாசலில் பலகை எழுதி மாட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இது புதிய பழக்கமும் அல்ல. 2011 மத்திய பட்ஜெட்டில் பிராண்டு பெயர் போட்ட ஆயத்த ஆடைகளுக்கு 10 சதவீதம் கலால் வரி விதித்தார்கள். ஜவுளித் தொழில் கொதித்தெழுந்து, 2013இல்தான் அந்தச் சுமை இறங்கியது. அப்போது ஆண்டது வேறு கட்சி, 2017இல் ஆண்டது வேறு கட்சி. சிறு வியாபாரியின் பெயரைக் கண்டால் வரி போடத் தோன்றுவதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை!

பேய் செத்து ஆண்டுகள் ஆகின்றன!

இப்போது கவனமாகக் கேளுங்கள். இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். பெயரைப் பதிவு செய்தால் ஜி.எஸ்.டி. என்ற விதி 2022 ஜூலை 18 அன்றோடு செத்துப் போய்விட்டது.

அன்று முதல் பிராண்டு உண்டா இல்லையா என்ற கேள்வியே இல்லை. முன்கூட்டியே பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு, கருவாடு எல்லாம் 25 கிலோ வரை 5 சதவீதம். பெயர் பதிந்தவனுக்கும் அதே வரி, பதியாதவனுக்கும் அதே வரி. இதுவும் ஏழை வயிற்றில் அடிக்கிற வரிதான். 25 கிலோவுக்கு மேல் வரியில்லை என்பதால் கடைகளில் 26 கிலோ அரிசி மூட்டை முளைத்ததை நாம் பார்த்தோம். 26 கிலோ வாங்க வசதியுள்ளவனுக்கு வரியில்லை, 5 கிலோ வாங்கும் கூலித் தொழிலாளிக்கு வரி! அந்த அநீதியைத் தனியே பேசுவோம்.

இங்கே சொல்ல வந்தது வேறு. பெயரைப் பதியாமல் இருப்பதால் இன்று ஒரு பைசா வரியும் மிச்சமில்லை. ஆனால் நமது கடைவீதிகளில் இன்றும் ‘பதிஞ்சா வரி வரும்’ என்று பேசிக் கொண்டிருக்கிறார்கள். அந்தச் சகோதரரும் 2022க்குப் பிறகாவது பதிந்திருக்கலாம். யாரும் சொல்லவில்லை. பேய் செத்துவிட்டது, நாம் இன்னும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்!

வருமான வரியில் நமக்கென்ன உரிமை?

அடுத்த கேள்வி. பதிவுக்குச் செலவழிக்கும் பணத்தை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டலாமா?

காட்டலாம். இதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. எப்போது வந்தது? 1951இல்! பம்பாய் ஃபின்லே மில்ஸ் என்ற நூற்பாலை, தன் வணிகச் சின்னங்களை முதன்முறையாகப் பதிவு செய்த செலவை அந்த ஆண்டுச் செலவாகக் காட்டியது. வரித்துறை மறுத்தது. இது புதிய சொத்து வாங்கிய மூலதனச் செலவு என்றது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பதிவினால் புதிய சொத்து எதுவும் பிறக்கவில்லை, ஏற்கனவே இருக்கும் சின்னத்துக்குக் கூடுதல் பாதுகாப்புதான் கிடைக்கிறது, எனவே இது நடைமுறைச் செலவே என்று தீர்ப்பளித்தது.

எளிமையாகச் சொன்னால், கடை வாங்குவது வேறு, கடைக்குப் பூட்டு வாங்குவது வேறு. பெயர் உங்களுடையது. பதிவு அதற்குப் போடும் பூட்டு. பூட்டு வாங்கிய காசு அந்த வருடச் செலவு.

ஆனால் அடுத்தவருடைய பிராண்டை விலை கொடுத்து வாங்கினால் அது மூலதனம். அதை ஒரே ஆண்டில் கழிக்க முடியாது. ஆண்டுக்கு 25 சதவீதம் தேய்மானமாகத்தான் கழிக்க முடியும். 1998ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு அது. இந்த இரண்டையும் குழப்பி, சொந்தப் பெயரின் பதிவுச் செலவையும் சொத்துக் கணக்கில் தள்ளிவிடுகிற கணக்குப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அதனால் என்ன நஷ்டம்? கணக்குப் பாருங்கள். ஒரு கூட்டு வணிக நிறுவனம் பதிவுக்கு 10,000 ரூபாய் செலவழிக்கிறது. அதற்கு வரி 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2. முழுவதும் செலவாகக் காட்டினால் அந்த ஆண்டே 3,120 ரூபாய் வரி குறையும். சொத்தாகக் காட்டினால் முதல் ஆண்டில் 2,500 ரூபாய்தான் கழிவு, வரி குறைவது 780 ரூபாய். ஆண்டின் பிற்பாதியில் செலவு செய்திருந்தால் அதிலும் பாதி, வெறும் 390!

ஆகவே கணக்குப் புத்தகம் எழுதி வரி கட்டுகிற சகோதரர்களே, உங்கள் ஆடிட்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: ‘ஐயா, 1951 ஃபின்லே மில்ஸ் தீர்ப்பு இருக்கிறதே, எங்கள் பதிவுச் செலவை ஏன் சொத்தில் வைத்தீர்கள்?’

சலுகை யாருக்கு?

ஆனால் இனிப்பான இந்தச் செய்தியின் அடியில் ஒரு கசப்பு இருக்கிறது. மாவு வியாபாரம் செய்யும் நமது காக்காவுக்கு இந்தத் தீர்ப்பினால் என்ன பயன்?

ஒன்றுமில்லை!

ஏன்? அவரைப் போன்ற சிறு வியாபாரிகளில் வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறவர்கள் பெரும்பாலும் அனுமான வருமானத் திட்டத்தில் இருப்பவர்கள். ஆண்டு விற்பனை 2 கோடி வரை இருந்தால், ரொக்கம் மிகக் குறைவாக இருக்குமானால் 3 கோடி வரை, கணக்குப் புத்தகம் வேண்டாம். விற்பனையில் 8 சதவீதத்தை, வங்கி வழியே வந்த பணமானால் 6 சதவீதத்தை, லாபம் என்று சொல்லி வரி கட்டிவிட்டுப் போகலாம். வசதியான திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் சேர்ந்தவர் எந்தச் செலவையும் தனியே கழிக்க முடியாது. எல்லாச் செலவும் அந்த 92 சதவீதத்துக்குள் அடங்கிவிட்டதாகச் சட்டம் கருதிக் கொள்கிறது. டிரேட்மார்க் செலவும் அதற்குள் போய் மறைந்துவிடும். பதிந்தவருக்கும் 8 சதவீதம், பதியாதவருக்கும் 8 சதவீதம்.

‘அவருக்குத்தான் வரியே வராதே, 40 லட்சம் விற்பனைக்கு 3,20,000 ரூபாய் லாபம், அதற்கு ஏது வரி’ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானமுள்ள தனிநபருக்கு வரியில்லைதான். நான் சொல்வதும் அதைத்தான் சகோதரர்களே! வரி கட்டாதவனுக்கு வரிச் சலுகையால் சல்லிக் காசு பயனில்லை. சலுகையை வரியின் வழியாக மட்டும் கொடுத்தால் அது வரி கட்டுகிற பெரியவனுக்கு மட்டுமே போய்ச் சேரும்.

இதோ பாருங்கள். ஒரு பெரிய கம்பெனி ஒரு பெயரைப் பத்து வகைகளில் பதிகிறது. வகைக்கு 9,000 வீதம் 90,000 ரூபாய். அதன் வரி விகிதம் சுமார் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 22,500 ரூபாய் வரியில் குறைந்துவிடும். அதாவது அதன் பதிவுச் செலவில் கால் பங்கை அரசு கஜானா ஏற்கிறது. நமது காக்கா கருவாடும் மாவும் ஒரே பெயரில் விற்றால் இரண்டு வகைகளில் பதிய வேண்டும். கருவாடு 29ஆம் வகை, மாவு 30ஆம் வகை. சிறு தொழிலுக்கு வகைக்கு 4,500 வீதம் 9,000 ரூபாய். ஏஜெண்டு கட்டணம் தனி. அந்த ஏஜெண்டு பில்லில் 18 சதவீத ஜி.எஸ்.டி. வந்தால், பெரிய கம்பெனி அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக் கொள்ளும். காம்பவுண்டிங் திட்டத்தில் இருப்பவரும், ஜி.எஸ்.டி. பதிவே இல்லாத சிறு வியாபாரியும் எடுக்க முடியாது. மொத்தச் சுமையும் அவர் தலையில்!

பெரியவனின் பெயருக்கு அரசு கைத்தாங்கல். சின்னவனின் பெயருக்கு அவன் கல்லாவே கதி. இது சமநீதியா?

பெரிய நிறுவனங்களின் கட்டணத்தில் பாதியை மட்டும் சிறு தொழிலுக்கு வைத்தது 2017 வணிகச் சின்ன விதிகள் செய்த நல்ல காரியம். உண்மையை மறைக்கக் கூடாது. 2022இல் தொடங்கிய மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. இன்னோவேடிவ் திட்டத்தில் டிரேட்மார்க்குக்கு 10,000 ரூபாய் வரை திரும்பக் கிடைக்கும். மாநில அரசும் மாவட்டத் தொழில் மையம் வழியாக ஒரு பகுதியைத் தரும் திட்டம் வைத்திருக்கிறது. ஆனால் இவை ‘முதலில் நீ கட்டு, சான்றிதழைக் கொண்டு வா, பிறகு தருகிறோம்’ என்ற வகை. கையில் காசிருப்பவனுக்குத்தான் அதுவும் எட்டும். (மானியமாகத் திரும்ப வந்த தொகையைச் செலவாகவும் காட்டி இரட்டை லாபம் பார்க்கக் கூடாது. அது சட்டப்படியும் தவறு, மார்க்கப்படியும் தவறு.)

சிங்கப்பூரைப் பாருங்கள்!

நமது கடற்கரை மக்களுக்குச் சிங்கப்பூர் பக்கத்து ஊர் மாதிரி. அங்கே என்ன செய்கிறார்கள் தெரியுமா? 2024 முதல் 2028 வரையிலான வரி மதிப்பீட்டு ஆண்டுகளுக்கு ஒரு திட்டம். டிரேட்மார்க் உள்ளிட்ட அறிவுசார் உரிமைகளைப் பதியும் செலவில் முதல் 4 லட்சம் டாலருக்கு 400 சதவீதக் கழிவு! ஒரு டாலர் செலவழித்தால் நான்கு டாலர் செலவானதாகக் கணக்கில் கழிக்கலாம்.

அதைவிட முக்கியமானது வேறொன்று. ‘எனக்குப் போதுமான லாபமே இல்லை, கழிவை வைத்து என்ன செய்வேன்’ என்கிற சிறிய நிறுவனம், கழிவுக்குப் பதிலாகக் கையில் ரொக்கமாகவே வாங்கிக் கொள்ளலாம். தகுதியான செலவில் ஒரு லட்சம் டாலர் வரை 20 சதவீதம் பணமாகக் கிடைக்கும். குறைந்தது மூன்று உள்ளூர்த் தொழிலாளர்கள் வேலையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

வரி கட்டாத சிறியவனுக்குக் கழிவு எட்டாது என்ற எளிய உண்மை அந்தச் சின்னஞ்சிறு நாட்டுக்குப் புரிந்திருக்கிறது. மேக் இன் இந்தியா என்று மேடை தோறும் முழங்குகிறவர்களுக்கு ஏன் புரியவில்லை?

பழி அரசின் மீது மட்டுமா?

அரசைத் திட்டுவது எளிது. நம்மைப் பார்த்தும் நாம் நான்கு கேள்வி கேட்க வேண்டும்.

நமது முன்னோர் பெயரை வைத்தே கடல் கடந்து வணிகம் செய்தவர்கள். கீழக்கரையின் வள்ளல் சீதக்காதி மரக்கலம் ஓட்டிய வணிகர். செத்தும் கொடுத்தார் சீதக்காதி என்று இன்றும் பேசுகிறோம். மனிதன் போன பிறகும் பெயர் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்தக் கடற்கரையில் பிறந்த நாம் நமது பெயருக்கு என்ன செய்தோம்? கீழக்கரைத் தொதல் என்றால் நாவில் நீர் ஊறாதவர் யார்? வீட்டு அடுப்பில் மணிக்கணக்கில் கிண்டி எடுக்கும் லாத்தாமார்களில் எத்தனை பேர் தம் பெயரைப் பதிந்திருக்கிறார்கள்? ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விவசாயிகள் ஒன்றுசேர்ந்து முயன்றார்கள், கிடைத்தது. நாம் எதற்காவது ஒன்றுசேர்ந்தோமா?

இரண்டாவது, நாம் வைக்கிற பெயர்கள். மக்கா, மதீனா, பிஸ்மில்லாஹ் என்று நேசத்தோடு வைக்கிறோம். நேசத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் 2015இல் உச்ச நீதிமன்றம், ஊதுபத்திக்கு ‘ராமாயண்’ என்ற பெயரைத் தனி உரிமையாகக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் மட்டும் உரிமை கொண்டாட முடியாது என்று தீர்ப்பளித்தது. அது எல்லாருக்கும் பொருந்தும் நியாயம். எனவே இத்தகைய பெயரை மட்டும் நம்பிக் கட்டணம் கட்டினால் பணம் வீணாகலாம். உங்களை மட்டுமே அடையாளம் காட்டும் ஒரு சொல்லைச் சேருங்கள்.

மூன்றாவது, ஆதாரம். நெல்லை இருட்டுக்கடை அல்வாவை அறியாதார் இல்லை. அந்தப் பெயர் குறித்த வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம், முதலில் பயன்படுத்தியவரின் உரிமை, பதிவு வைத்திருப்பவரின் உரிமையை விட மேலானது என்று சொன்னது. நோட்டீஸ் வந்த நமது காக்காவுக்கு இதில் ஆறுதல் இருக்கிறது. ஆனால் முதலில் பயன்படுத்தியது நான்தான் என்று எதை வைத்துக் காட்டுவார்? பழைய பில் எங்கே? அச்சகத்தில் பை அடித்த ரசீது எங்கே? கடனை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று குர்ஆனே வணிகருக்குக் கட்டளையிட்டிருக்க, துண்டுச் சீட்டில் கணக்கு வைத்துக் கிழித்துப் போடுகிற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? பதிவும் ஆதாரமும் இருந்தால் எப்படிப் போராடலாம் என்பதற்கு ஹம்தர்தின் ரூஹ் அஃப்ஸா சாட்சி. ‘தில் அஃப்ஸா’ என்ற பெயரில் சர்பத் விற்பதற்கு 2022 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தடை பெற்றார்கள்.

நான்காவது, வீட்டுப் பிரச்சினை. வாப்பா மறைந்ததும் அண்ணன் தம்பிகள் கடையைப் பிரிக்கிறார்கள். இடத்தைப் பிரிக்கிறார்கள், சரக்கைப் பிரிக்கிறார்கள், பெயரை மட்டும் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு ஒருவர் ரகசியமாகத் தன் பெயரில் பதிகிறார். மற்றவர் கோர்ட்டுக்குப் போகிறார். பதிவு அண்ணன் பெயரில், செலவு கூட்டு நிறுவனக் கணக்கில் என்றால் வரித்துறையும் கேள்வி கேட்கும். பெயர் யாருக்கு என்பதைப் பாகப் பிரிவினையிலேயே எழுதுங்கள்!

கேட்போம்! செய்வோம்!

நாம் அரசிடம் கேட்பது பிச்சையல்ல, நியாயம்.

குறுந்தொழில் செய்பவர் முதன்முறை பதியும் ஒரு பெயருக்குக் கட்டணமே இல்லை என்று அறிவியுங்கள். பிறகு திருப்பித் தருகிறோம் என்று அலைக்கழிக்காதீர்கள்.

அனுமான வருமானத் திட்டத்தில் இருந்து வரி கட்டுகிறவர்களுக்கும் பதிவுச் செலவைத் தனியே கழிக்க அனுமதியுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி இயற்றப்பட்ட 2025 வருமான வரிச் சட்டத்திலும் அனுமானத் திட்டம் தொடர்கிறது. பிரிவு எண்ணை மாற்றத் தெரிந்தவர்களுக்கு இந்த அநீதியை மாற்றத் தெரியாதா?

விண்ணப்பத்தைத் தமிழில் ஏற்றுக்கொள்ளுங்கள். இன்று வணிகச் சின்ன விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான் தர முடியும். தமிழில் எழுதிய பெயரானால் அதை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத்துப்பெயர்த்து, பொருளும் சொல்ல வேண்டும். தமிழனின் கடைப் பெயருக்குத் தமிழில் விண்ணப்பிக்க உரிமை இல்லையா? பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத் தொழில் மையத்தில் மாதம் ஒரு நாள் முகாம் நடத்தினால் என்ன குடி முழுகிவிடும்?

இளைஞர்களே! இது உங்கள் வேலை. இணையத்தில் மணிக்கணக்கில் உட்காருகிறீர்கள். உங்கள் தெருக் கடைக்காரருக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். முதலில் அவருக்கு உத்யம் பதிவு எடுத்துக் கொடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. அது இருந்தால் சிறு தொழில் என்ற முறையில் 9,000க்குப் பதில் 4,500. பதிவகத்தின் இணையத் தளத்தில் அதே பெயர் ஏற்கனவே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், தேடலுக்கும் கட்டணம் இல்லை. விண்ணப்பித்த தேதியை, ரசீதை, ஏஜெண்டு பில்லைக் கடையின் பெயரிலேயே வாங்கிக் கோப்பில் வையுங்கள். நம் பெயரைப் போன்ற பெயரை வேறொருவர் கேட்டு, அது பதிவக இதழில் வெளியானால், நான்கு மாதத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். அதையும் கவனித்துச் சொல்லுங்கள். பதிவு பத்து ஆண்டுகளுக்குத்தான், புதுப்பிக்கும் நாளைச் சுவரில் எழுதி வையுங்கள்.

நமது கிளைகள் ஒவ்வொன்றும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஸருக்குப் பின் ஒரு மேசை நாற்காலி போட்டு இந்த உதவியைச் செய்யட்டும். முஸ்லிம் கடை, இந்துக் கடை, கிறிஸ்தவக் கடை என்று பார்க்க வேண்டாம். மண்டபத்துக் கருவாட்டுக்காரரும், ராமேஸ்வரத்துச் சங்கு வியாபாரியும், பரமக்குடி மிளகாய் மண்டிக்காரரும் ஒரே சட்டத்தின் கீழ்தான் நசுங்குகிறார்கள்.

மாவு வியாபாரி காக்காவின் வீட்டில் இப்போது பரணிலிருந்து பழைய பெட்டிகளை இறக்கி, மஞ்சளேறிய பில்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நமது தம்பிகள் இரண்டு பேர் கூடவே இருக்கிறார்கள். கிடைத்தவற்றைத் தேதி வாரியாக அடுக்கி வக்கீலிடம் கொடுக்கப் போகிறோம். இன்ஷா அல்லாஹ், அவர் பெயர் அவருக்கே கிடைக்கும் என்று நம்புகிறோம்.

உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது? இன்றே இறக்கிப் பாருங்கள். நோட்டீஸ் வந்த பிறகு தேடுவதை விட, வருவதற்கு முன் தேடுவது நல்லது!